ஊர் ஒப்பாத காதலை வாசிப்பது எப்படி

காதல் நாவலைக் கையில் எடுத்ததும் "கடைசியில சேர்ந்தாங்களா?" என்று கேட்கிறவர்கள் நம்மில் அதிகம். கேட்பதில் தப்பொன்றும் இல்லை. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்கள் சிலரிடம் உட்கார்ந்து பேசி, 1984-இல் 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற நூலை எழுதினார். அந்தப் பெண்களில் சிலர் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவார்களாம். நாள் முழுக்க வீட்டாருக்காக உழைத்துவிட்டுத் தனக்கென்று ஒதுக்கும் ஒரு மணி நேரத்தை அழுகையில் முடிக்க அவர்களுக்கு மனமில்லை.

ஆனால் இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போகும் நாவல்களுக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது. எழுபது வயதுக்காரர்களின் காதல், பழைய ஆசிரியர்மேல் நடுவயதுப் பெண் கொள்ளும் பிரியம், ஆட்டிசம் உள்ள பெண் பணம் கொடுத்து அமர்த்தும் துணை என்று, ஊர் உடனே தலையாட்டாத உறவுகளை மென்மையாகச் சொல்பவை இவை. சேர்ந்தார்களா என்பதைவிட, எப்படிக் கேட்டுக்கொண்டார்கள் என்பதில்தான் இவற்றின் உயிர் இருக்கிறது. அதைக் கவனிக்கப் பழகினால் வாசிப்பின் பாதி வேலை முடிந்தது.

முதலில் எந்த அலமாரி என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் 'ரொமான்ஸ்' என்று பெயர் போட்டு விற்கும் நாவலுக்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு. 1980-இல் தொடங்கிய 'ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற எழுத்தாளர் அமைப்பு அதற்கு இரண்டே நிபந்தனை வைத்தது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். துப்பறியும் நாவலில் கொலைகாரன் பிடிபடாமல் போனால் வாசகர் கோபப்படுவதைப் போல, இங்கே காதலர் பிரிந்துவிட்டால் கோபம் வரும். ரமணிசந்திரன் நாவல்களோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இருநூறாம் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்துதான் அவர்கள் நாற்பதாம் பக்கத்தில் கண்கலங்குகிறார்கள்.

இன்னொரு அலமாரி இலக்கிய நாவல்களுடையது. அங்கே காதல் உண்டு, உத்தரவாதம் கிடையாது. கென்ட் ஹரூஃப் எழுதிய 'அவர் சோல்ஸ் அட் நைட்', ஹிரோமி கவகாமி எழுதிய 'ஸ்ட்ரேஞ்ச் வெதர் இன் டோக்கியோ' இரண்டும் இங்கே. ஹெலன் ஹோங் எழுதிய 'தி கிஸ் கோஷன்ட்', டாலியா ஹிபர்ட் எழுதிய 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்' இரண்டும் முந்தைய அலமாரியில். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று பிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உத்தரவாதம் இருக்கும் இடத்தில் 'எப்படிச் சேர்வார்கள்' என்று தேடிப் படிக்கலாம். இல்லாத இடத்தில் ஒவ்வொரு நல்ல மாலைப் பொழுதும் கடைசியாக இருக்கலாம் என்ற நினைப்போடு படிக்க வேண்டியிருக்கும். அலமாரி தெரியாமல் உள்ளே போகிறவர்கள்தான் பாதியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு "ஒண்ணுமே நடக்கலை" என்கிறார்கள்.

கேட்கும் காட்சியில் நில்லுங்கள்

ஹரூஃபின் நாவல் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. கொலராடோவில் ஹோல்ட் என்ற கற்பனைச் சிற்றூர். அவருடைய மற்ற நாவல்கள் நடப்பதும் அங்கேதான். மே மாதத்தில் ஒரு மாலை, ஆடி மூர் என்ற எழுபது வயதுக் கைம்பெண், அதே தெருவில் வசிக்கும், மனைவியை இழந்த லூயிஸ் வாட்டர்ஸ் வீட்டுக்கு வருகிறாள். இரவுகளில் தன் வீட்டுக்கு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு பேச முடியுமா என்று கேட்கிறாள். உடலுறவு அவள் எண்ணத்தில் இல்லை. பகலைத் தள்ளிவிடலாம், இரவுதான் முடியவில்லை என்பது அவள் நிலை.

இந்தக் காட்சியை வேகமாகத் தாண்டாதீர்கள். அவள் எப்படிக் கேட்கிறாள் என்று பாருங்கள். சுற்றி வளைப்பதில்லை. கேட்டதும் பதிலைப் பிடுங்குவதும் இல்லை. அவர் யோசிக்க நேரம் கேட்கிறார், அவள் எழுந்து போகிறாள். மறுநாள் அவர் முடிவெட்டிக்கொள்கிறார். வாசகருக்கு அதுவே பதில். பிறகுதான் தொலைபேசியில் அழைக்கிறார். ஹரூஃப் மனவோட்டம் எதையும் விவரிப்பதில்லை. ஒரு கிழவர் முடிதிருத்தகத்துக்குப் போனார் என்று எழுதிவிட்டு நகர்கிறார், நமக்கு உள்ளே என்னவோ செய்கிறது.

முதல் இரவு லூயிஸ் பைஜாமாவையும் பல்துலக்கியையும் காகிதப் பையில் வைத்துக்கொண்டு, கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து பின்கதவைத் தட்டுகிறார். முன்வாசல் வழியாகவே வரலாமே என்கிறாள் ஆடி. ஊர் என்ன நினைக்கும் என்று வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட்டாயிற்று, இனி வேண்டாம் என்பது அவள் கட்சி. பின்கதவிலிருந்து முன்வாசலுக்கு வரும் அந்த இருபது முப்பது அடிதான் இந்த நாவலின் முழுத் தூரம் என்று நான் சொல்வேன். புரட்சி என்று பார்த்தால் மிகச் சின்னது. ஆனாலும் ரொட்டிக்கடையில் ஒருவன் லூயிஸிடம் கண்சிமிட்டிப் பேசும்போது நமக்கே முகம் சிவக்கிறது.

கவகாமியின் நாவலில் கேள்வி வருவதற்குள் புத்தகம் முக்கால்வாசி ஆகிவிடும். ஜப்பானிய மொழியில் 2001-இல் வெளிவந்து அதே ஆண்டு தானிசாகி விருது பெற்ற இதை ஆங்கிலத்தில் தந்தவர் ஆலிசன் மார்க்கின் பவல். டோக்கியோவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுகிகோவுக்கு வயது முப்பத்தேழு. ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறு மதுக்கடையில், பள்ளியில் தனக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தந்த ஆசிரியரைத் தற்செயலாகப் பார்க்கிறாள். அவளைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்தவர். இருவரும் கேட்டு வாங்கும் பண்டங்கள் ஒன்றாக இருக்கின்றன. பேச்சு அங்கே தொடங்குகிறது.

அதன்பிறகு 'கதை' என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குடிக்கிறார்கள். அவரவர் கோப்பையில் அவரவர் ஊற்றிக்கொள்கிறார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்டுகிறார்கள். காளான் பறிக்கப் போகிறார்கள். வானொலியில் பேஸ்பால் ஆட்டம் ஓடும்போது, அவளுக்குப் பிடிக்காத ஜயன்ட்ஸ் அணியை அவர் கொண்டாடிவிட, அதற்காகக் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். வயது வித்தியாசம் எங்கே கரைகிறது என்று தேடுகிறவர்கள் இந்தச் சண்டையைப் பாருங்கள். மரியாதைக்குரிய ஆசிரியரிடம் யாரும் விளையாட்டு அணிக்காகக் கோபித்துக்கொள்வதில்லை. சமமானவரிடம்தான் அற்ப காரணத்துக்குச் சண்டை போட முடியும்.

அவர் வீட்டில் பழைய பேட்டரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். இத்தனை நாள் தனக்கு உழைத்ததைத் தூக்கிப்போட மனம் வரவில்லை என்பது காரணம். ரயில் பயணத்தில் தேநீரோடு விற்ற சிறு மண்குடுவைகளும் அப்படியே இருக்கின்றன. இப்படிப்பட்ட மனிதர் காதலை எப்படிச் சொல்வார்? முறையாக, மரியாதைச் சொற்களோடு, அவளுடைய இசைவைக் கேட்டு. சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். இதற்கிடையே சுகிகோவின் வயதுக்கேற்ற கொஜிமா என்ற பழைய வகுப்புத் தோழன் ஒருவனும் வருகிறான். நல்லவன், ரசனையுள்ளவன். பத்திரிகைத் தொடராக இருந்தால் அவனைத்தான் கட்டிவைத்திருப்பார்கள். அவனைக் கவகாமி வில்லனாக்காததைக் கவனியுங்கள். பொருத்தமான வரனைப் பழுதுசொல்லி ஒதுக்காமல், பொருத்தமில்லாதவரை ஒரு பெண் தேர்ந்தெடுக்க விடுவதில்தான் எழுத்தாளரின் நேர்மை இருக்கிறது.

ஹெலன் ஹோங்கின் 'தி கிஸ் கோஷன்ட்' (2018) ஒப்பந்த அலமாரியைச் சேர்ந்தது என்று சொன்னேன். இங்கே கேட்பதே ஓர் ஒப்பந்தமாகத்தான் நடக்கிறது. ஸ்டெல்லா பொருளாதார அளவியலில் கெட்டிக்காரி, ஆட்டிசம் உள்ளவள். யாராவது தொட்டால் உடல் விறைத்துக்கொள்ளும். நெருக்கத்தைப் பாடம்போலக் கற்கலாம் என்று முடிவுசெய்து, பணம் பெற்றுக்கொண்டு துணைவரும் தொழிலில் இருக்கும் மைக்கேல் என்ற வியட்நாம் வம்சாவளி இளைஞனை அமர்த்துகிறாள். 'பிரெட்டி வுமன்' படத்தில் ஆணும் பெண்ணும் இடம் மாறினால் எப்படியிருக்கும் என்ற யோசனையில் பிறந்த கதை. பாடத்திட்டம் எழுதி, முடித்தவற்றை 'டிக்' அடிக்கக் கட்டமும் போட்டுக்கொண்டு வருகிறாள் ஸ்டெல்லா. நகைச்சுவைக்காக எழுதியது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அவள் விறைத்துப்போகும் கணத்தில் மைக்கேல் கையை எடுத்துவிடுகிறான். பட்டியல் ஓரமாகப் போகிறது. 'இது வேண்டுமா, இது வேண்டாமா' என்று அவன் கேட்கத் தொடங்கும் இடம்தான் காதல் தொடங்கும் இடம். மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி.

இந்த நாவல் ஸ்டெல்லா பக்கமும் மைக்கேல் பக்கமும் மாறி மாறிச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் யார் கண்ணால் நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கேலின் குடும்பத்தோடு சாப்பிடப்போன இடத்தில், பிளாஸ்டிக் பாத்திரத்தில் சூடாக்கிய உணவு உடம்புக்கு ஆகாது என்று ஸ்டெல்லா உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவளுக்கு அது அக்கறை, மைக்கேலின் அம்மாவுக்கு அது அவமானம். இரு பக்கமும் நமக்குத் தெரிவதால் யார்மேலும் கோபப்பட முடியாமல் நெளிகிறோம். கவகாமியில் இதற்கு நேர்மாறு. முழுக்க சுகிகோவின் வாய்மொழி. ஆசிரியரின் மனதுக்குள் ஒருமுறைகூட நம்மை விடுவதில்லை. அதனால் அவர் செய்வதை மட்டும் வைத்து அவரைப் புரிந்துகொள்ள வேண்டும், சுகிகோ செய்வதுபோலவே.

தடை எங்கிருந்து வருகிறது?

பமேலா ரெஜிஸ் என்பவர் 2003-இல் காதல் நாவலின் இலக்கணத்தை எட்டு உறுப்புகளாக வகுத்தார். எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு மட்டும் நமக்குப் போதும். ஒன்று தடை. மற்றது, இனி இது நடக்கவே நடக்காது என்று எல்லாம் செத்துப்போனதுபோல் தோன்றும் கட்டம். படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்: தடையைப் போடுவது யார்?

ஊரா, குடும்பமா, இல்லை அவரவர் மனமா? ஒப்பந்த அலமாரி நாவல்களில் இன்று தடை பெரும்பாலும் மனதுக்குள்தான். மைக்கேலுக்குத் தன் தகப்பனைப் போல் ஆகிவிடுவோமோ என்ற பயம், ஸ்டெல்லாவுக்குத் தன்னை முழுதாகத் தெரிந்தால் யாரும் நிற்க மாட்டார்கள் என்ற பயம். உள்ளே இருக்கும் தடையைப் பேசித் தீர்க்கலாம், ஆகவே முடிவு இனிக்கிறது. ஹரூஃபில் தடை வெளியே இருக்கிறது.

இனி வரும் பத்தியில் ஹரூஃபின் முடிவைச் சொல்கிறேன். தெரிய வேண்டாம் என்பவர்கள் தாண்டிவிடுங்கள்.

ஆடியின் மகன் ஜீன் இந்த உறவை வெறுக்கிறான். தன் சிறுவன் ஜேமியைப் பாட்டியிடம் விட்டுவைத்தபோது அந்தப் பிள்ளையும் லூயிஸும் ஒரு நாயும் சேர்ந்து நாவலின் மிக நிம்மதியான பக்கங்களைத் தருகிறார்கள். பிறகு ஜீன் ஒரே ஓர் ஆயுதத்தை எடுக்கிறான்: லூயிஸை விடாவிட்டால் பேரனைப் பார்க்க முடியாது. ஆடி பேரனைத் தேர்ந்தெடுக்கிறாள். படித்தவர்கள் பலருக்கு இதில் கோபம். முன்வாசலைத் திறந்தவள் இப்படிச் செய்யலாமா என்று. எனக்கு அந்தக் கோபம் இல்லை. சிறுவயதில் உடன்பிறந்தவளைக் கார் விபத்தில் இழந்து, அதற்குப்பின் தகப்பனின் அன்பும் கிடைக்காமல் வளர்ந்தவன் ஜீன் என்பதை ஹரூஃப் முன்பே சொல்லிவிடுகிறார். அவன் கொடுமை எங்கிருந்து வருகிறது என்று ஆடிக்குத் தெரியும். கதவு அடைபட்ட பிறகும் இரவில் தொலைபேசி மணி அடிக்கிறது என்பதோடு நாவல் நிற்கிறது. தோல்வி என்று நான் எழுத மாட்டேன்.

ஹரூஃப் இதை எழுதியது தன் கடைசிக் கோடையில். நுரையீரல் நோய் முற்றிய நிலையில் வேகமாக எழுதி முடித்து, 2014 நவம்பரில் தன் எழுபத்தோராம் வயதில் இறந்தார். நாவல் 2015-இல் வெளிவந்தது. இந்தச் செய்தியை முன்னுரையாகத் தெரிந்துகொண்டு படிப்பதா, படித்தபின் தெரிந்துகொள்வதா என்று கேட்டால், படித்தபின் என்பேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் மரணத்தைத் தேடுவோம். அந்தப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் சாப்பாடும் பேச்சும் முகாம் போடுவதும்தான்.

ஊர் ஒப்பாத காதலுக்கு நம் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வயது கடந்த காதலைத் தொல்காப்பியம் பெருந்திணைக்குள் தள்ளி, ஐந்திணைக்கு வெளியே நிறுத்திவிட்டது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் பத்து வயது மூத்த யமுனாமேல் பாபு கொள்ளும் காதல் நமக்குத் தெரியும். ஆடியையும் சுகிகோவையும் படித்துவிட்டு அந்த நாவலை மறுபடி எடுங்கள். பாபுவின் தவிப்பை விட்டுவிட்டு யமுனாவை யார் என்ன கேட்டார்கள், அவள் எதற்கு எப்போது இசைந்தாள் என்று மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது வேறு நாவலாக இருக்கும்.

காதல் ஆளைக் 'குணப்படுத்துகிறதா'?

ஊனமோ நோயோ மனநிலை வேறுபாடோ உள்ளவர் காதலிக்கும் கதைகளில் ஒரு குழி உண்டு. காதல் வந்ததும் நோய் பறந்துவிடும். சோதிப்பது சுலபம்: கடைசி அத்தியாயத்தில் அந்த மனிதர் முதல் அத்தியாயத்தில் இருந்த அதே மனிதர்தானா?

டாலியா ஹிபர்ட்டின் க்ளோயி (2019) ஃபைப்ரோமயால்ஜியா என்ற தீராத உடல்வலியோடு வாழ்பவள். விபத்திலிருந்து மயிரிழையில் தப்பியபின் வாழ்ந்து பார்த்துவிடுவது என்று பட்டியல் போட்டு, குடியிருக்கும் கட்டடத்தின் பராமரிப்பாளரும் ஓவியருமான ரெட் என்பவனின் உதவியைக் கேட்கிறாள். கடைசியிலும் அவளுக்கு வலிக்கும். மாத்திரை இருக்கும். மாறுவது ஒன்றுதான், வலிக்கும் நாளில் அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. இது தேர்ச்சி. ஸ்டெல்லாவும் இந்தச் சோதனையில் தேறுகிறாள், கட்டமும் பட்டியலும் கடைசிவரை அவளோடு இருக்கின்றன. ஹோங்குக்கே இந்த நாவலை எழுதும் காலத்தில்தான் தனக்கும் ஆட்டிசம் உண்டென்று உறுதியானது. வெளியிலிருந்து பார்த்து எழுதியதல்ல என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். குறையும் உண்டு: மைக்கேலின் அழகை வருணித்து முடிவதேயில்லை. ஒரு சாதாரண முகத்தோடு அவன் இருந்திருந்தால் ஸ்டெல்லாவின் துணிச்சல் இன்னும் நன்றாக நின்றிருக்கும்.

வாங்குமுன் சில வார்த்தை

அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்றைய ஆங்கிலக் காதல் நாவல்கள் பல கார்ட்டூன் படத்தோடு, பளிச்சென்ற நிறங்களில் வருகின்றன. உள்ளே படுக்கையறைக் காட்சிகள் விரிவாக இருக்கலாம். 'தி கிஸ் கோஷன்ட்' அப்படிப்பட்டதுதான், பள்ளிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கும் புத்தகமல்ல. வாசகர்கள் விமர்சனங்களில் 'ஓபன் டோர்', 'க்ளோஸ்டு டோர்' என்று எழுதுவது இதைப் பற்றித்தான். காட்சி வாசகர் முன் நடந்தால் முன்னது, கதவு சாத்திக்கொண்டால் பின்னது. 'ஸ்லோ பர்ன்' என்று போட்டிருந்தால் கையைப் பிடிக்கவே நூறு பக்கம் ஆகும் என்று பொருள். பொறுமை இருந்தால் வாங்கலாம்.

ஆங்கிலம் தடையாக இருக்குமோ என்று தயங்குகிறவர்கள் ஹரூஃபிலிருந்து தொடங்குங்கள். இருநூறு பக்கத்துக்குள் அடங்கும், எளிய சொற்கள், குட்டி வாக்கியங்கள். ஒரே ஒரு சிக்கல்: உரையாடலுக்கு மேற்கோள் குறியே போட மாட்டார். யார் பேசுகிறார்கள் என்று குழம்பும்போது வாய்விட்டுப் படியுங்கள், குரல் பிரிந்துவிடும். கவகாமியைத் தொடர்ந்து படிக்காதீர்கள். அத்தியாயங்கள் சிறியவை, பருவங்களோடு நகர்பவை. ஓர் இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அந்த மதுக்கடைக்கு நீங்களும் வாடிக்கையாளர் ஆகிவிடுவீர்கள். அதற்கப்புறம் ஹோங்கும் ஹிபர்ட்டும், எந்த வரிசையிலும்.

ஹரூஃபின் நாவலை 2017-இல் படமாக எடுத்தவர் 'தி லஞ்ச்பாக்ஸ்' இயக்கிய ரித்தேஷ் பத்ரா. ஜேன் ஃபாண்டாவும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் நடித்த நல்ல படம். ஆனால் நாவலை முடித்துவிட்டுப் பாருங்கள். படத்தை முதலில் பார்த்தவர்களுக்கு ஆடியும் லூயிஸும் திரை நட்சத்திரங்களின் முகத்தோடுதான் வருவார்கள். ஹரூஃப் அவர்களைச் சிற்றூரின் சாதாரணக் கிழவன் கிழவியாகவே எழுதியிருக்கிறார்.